மாடிப்படில ஆள இறக்குற ஸ்டேர் சேர்: எட்டு மாசம் தூக்கினதுக்கு அப்புறம் எழுதுறேன்

கடலூர்ல சொந்தமா ஒரு ஆம்புலன்ஸ் வெச்சு ஓட்டுறேன், ஒரே வண்டிதான், நானும் ஒரு ஹெல்பர் தம்பியும். போன ஐப்பசி மழைல பாண்டிக்கு ஒரு கேஸ் இறக்கிட்டு திரும்பறப்ப அங்க ஒரு சர்ஜிக்கல் கடைல இந்த ஸ்டேர் சேர வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி தேடு தேடுன்னு தேடினேன், தமிழ்ல ஒருத்தரும் இதப்பத்தி ஒழுங்கா சொல்லல, வீடியோல வர்றவங்க எல்லாம் காலி சேர மடக்கி விரிச்சு மடக்கி விரிச்சு காட்டுறாங்க, அதுல ஒரு எண்பது கிலோ ஆள உக்கார வெச்சு ரெண்டு மாடி இறக்கி காட்டுங்கப்பா பாப்போம்னா ஆளக் காணோம். அதான் நானே எழுதுறேன். பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே மாடல் நாலஞ்சு ஸ்டிக்கர்ல வருது, உள்ள ஒரே சாமான்தான்.

சாமான் என்னன்னா, அலுமினியம் பைப்ல செஞ்ச மடக்கு நாற்காலி. கீழ நாலு சின்ன சக்கரம், தலைக்குப் பின்னாடி ரெண்டு கைப்பிடி, கால் பக்கம் இழுத்து நீட்டுற மாதிரி ரெண்டு கைப்பிடி, நெஞ்சுக்கு ஒண்ணு தொடைக்கு ஒண்ணு காலுக்கு ஒண்ணுன்னு மூணு பெல்ட். பத்து கிலோ கிட்ட வரும். மடக்கினா வண்டிக்குள்ள ட்ராலிக்கும் சைடு சீட்டுக்கும் நடுவுல சொருகிடலாம், ஆக்சிஜன் சிலிண்டர எடுக்க இடைஞ்சல் இல்ல. 159 கிலோ தாங்கும்னு மேல ஒட்டியிருக்கு. அந்த ஸ்டிக்கர் சேருக்குதான், நம்ம இடுப்புக்கு இல்ல, அத பின்னாடி சொல்றேன்.

ஏன் வாங்கினேன்னு சொல்லணும்ல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பாண்டில ஒரு பழைய வீடு, கீழ திண்ணை முற்றம்லாம் அழகா இருக்கு, மேல பின்னாடி ஏத்தி கட்டின மாடிக்கு இரும்புல வளைஞ்சு வளைஞ்சு போற படி. மேல ஒரு ஐயா, மூச்சு வாங்குது, படுக்க முடியல, கட்டில் ஓரத்துல உக்காந்து ரெண்டு கையையும் முட்டில ஊணிக்கிட்டு இழுத்துக்கிட்டு இருக்கார். காலெல்லாம் வீக்கம். இந்த மாதிரி ஆள மல்லாக்க படுக்க வெச்சு ஸ்ட்ரெச்சர்ல கட்டினா நுரையீரல்ல இருக்க தண்ணி இன்னும் நெருக்கும், மூச்சு மோசமாயிடும், உக்கார வெச்சேதான் இறக்கணும். படுக்க வெச்சாலும் அந்த வளைவுல ட்ராலி திரும்பாது. அப்ப என்ன பண்ணோம், எல்லாரும் பண்றததான், வீட்டுல இருந்த சேப்பு கலர் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நாலு பேர் நாலு கால புடிச்சு தூக்கினோம். பாதிப் படில பின்னங்கால் ஒண்ணு பட்டுனு விரிசல் விட்டுச்சு. ஐயா சரியறார், நான் கீழ நிக்கிறேன், மார்ல தாங்கி முட்டுக் குடுத்தேன், அவருக்கு முழங்கை மட்டும் சிராய்ச்சது, எனக்கு இடுப்புல சுளுக்குன்னு ஒண்ணு புடிச்சது பாருங்க, பத்து நாள் வண்டி எடுக்கல. தப்பு என் மேலதான். பிளாஸ்டிக் சேர் உக்காரத்தான், தூக்க இல்லன்னு தெரியாதா எனக்கு, தெரியும், அவசரத்துல கைக்கு கிடைச்சத எடுத்தேன்.

சரி, சேருக்கு வருவோம். முதல் சரியான டெஸ்ட் திருப்பாப்புலியூர்ல பாடலீஸ்வரர் கோயில் பக்கத்து தெரு ஒண்ணுல. ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, படி அகலம் ரெண்டரை அடி இருந்தா பெரிசு, ஒவ்வொரு திருப்பத்துலயும் செருப்பு ஸ்டாண்டு, உடைஞ்ச சைக்கிள், துளசி மாடம். பேஷண்ட் ஒரு அம்மா, நல்ல கனம், அவங்களுக்கும் அதே மூச்சு பிரச்சினை. முதல் வேலையா தம்பிய விட்டு படில இருக்க சாமான் எல்லாத்தையும் எடுக்க சொன்னேன், வீட்டுக்காரங்க மூஞ்ச சுளிச்சாங்க, பரவால்ல. பேஷண்ட தூக்குறதுக்கு முன்னாடி வழிய ஒருதரம் நடந்து பாத்துட்டு வர்ற அந்த ரெண்டு நிமிஷத்த விட்டவன் நடுப்படில நின்னு முழிப்பான்.

அப்புறம் சேர விரிச்சு, லாக் விழுந்த சத்தம் கேட்டு, கையால ஒருதரம் அமுக்கிப் பாத்துட்டு, கட்டில் ஓரமா ஒட்டி போட்டு சக்கர பிரேக்க போட்டோம். அம்மாவ அக்குள்ல கைய விட்டு தூக்கல. இத சொல்லியே ஆகணும், வீட்டுல எல்லாரும் செய்ற தப்பு இதான், ரெண்டு அக்குள்லயும் ஆளுக்கொரு கைய குடுத்து ஒரே தூக்கா தூக்குவாங்க, வயசானவங்களுக்கு தோள் மூட்டு நழுவும், பக்கவாதம் வந்த கையா இருந்தா கேக்கவே வேணாம், அந்தப் பக்கம் மூட்ட புடிச்சு நிக்கிற தசையே செத்துப்போயிருக்கும், இழுத்தா மூட்டு கழண்டு தொங்கும், அப்புறம் மாசக்கணக்குல வலி. இடுப்புல ஒரு அகல பெல்ட்ட கட்டி அத புடிச்சு எழுப்பி, பாதத்த தரைல ஊணச் சொல்லி, திருப்பி உக்கார வெச்சோம். அந்த பெல்ட் தனியா வாங்கினது, சில நூறு ரூபாதான், சேரவிட அதத்தான் நான் அதிகமா யூஸ் பண்றேன்னு சொன்னா நம்புவீங்களா.

இறங்கும்போது பேஷண்ட் முகம் கீழ பாத்து, கால் முன்னாடி. நான் தலைப்பக்கம் மேல, தம்பி கால்பக்கம் கீழ. தம்பி பேஷண்ட பாத்து நிக்கிறான், அப்படின்னா அவன் பின்னாடி பின்னாடி படி இறங்குறான், அவனுக்கு படி தெரியாது. அதுக்குதான் மூணாவது ஆள், அவன் ஒண்ணும் தூக்க வேணாம், தம்பி முதுகுல கைய வெச்சுக்கிட்டு "இன்னும் நாலு படி, இன்னும் மூணு, திருப்பம் வருது"ன்னு சொல்லிக்கிட்டே வரணும். அன்னிக்கு அந்த அம்மாவோட மருமகன் நின்னார், நல்லா சொன்னார். இந்த மூணாவது ஆள் இல்லாம நான் இப்ப எந்தப் படிலயும் இந்த சேர இறக்கறதில்ல.

இன்னொண்ணு, இத எந்த வீடியோலயும் சொல்லல. படில சேர் சாஞ்ச உடனே பேஷண்ட்டுக்கு பயம் வந்து பக்கத்துல இருக்க கைப்புடி கம்பிய கப்புனு புடிச்சுடுவாங்க. நாம கீழ போறோம், அவங்க கை கம்பில, சேர் அப்படியே சுத்தும். நாங்க ரெண்டு பேரும் ஆடிட்டோம் அன்னிக்கு. இப்பல்லாம் பெல்ட் போடும்போதே "அம்மா, ரெண்டு கையையும் கோர்த்து மடில வெச்சுக்கங்க, நாங்க இருக்கோம், எதையும் புடிக்காதீங்க, இப்ப லேசா பின்னாடி சாய்வோம் பயந்துக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, கை மேலயே பெல்ட் ஒரு சுத்து வர்ற மாதிரி லூசா போட்டுடுறேன். எண்ணிக்கை தலைப்பக்கம் இருக்க ஒரே ஆள்தான் சொல்லணும். ஒண்ணு ரெண்டு மூணுன்னா மூணுலயே தூக்கறதா, மூணு முடிஞ்சு தூக்கறதான்னு வீட்டுக்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடணும், சிரிப்பா இருக்கும், ஆனா நாலு பேர் நாலு நேரத்துல தூக்கினா கோணறது பேஷண்ட்தான்.

ரெண்டு மாடி இறக்க ஆறேழு நிமிஷம் ஆச்சு. அம்மா உக்காந்தபடியே வந்தாங்க, ஆக்சிஜன் மாஸ்க் கழட்டல, சின்ன சிலிண்டர மருமகன் தோள்ல மாட்டிக்கிட்டார். கீழ வந்ததும் சக்கரத்துல தள்ளிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டோம். அன்னிக்கு நைட்டு எனக்கு இடுப்பு வலிக்கல. அதுவே எனக்கு முழு மார்க்கு குடுக்கணும்னு தோணுச்சு.

ஆனா முழு மார்க்கு குடுக்க மாட்டேன்.

முதல்ல இந்த இடுப்பு கணக்கு. அமெரிக்கால நியோஷ்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, வேலை செய்றவங்க பாதுகாப்ப ஆராய்ச்சி பண்றது. எல்லாம் சரியா அமைஞ்ச இடத்துல ஒரு பெட்டிய தூக்க அதிகபட்சம் 23 கிலோன்னு அவங்க ஃபார்முலா. பேஷண்ட்னு வந்தா அது இன்னும் குறையுது, 2007ல வந்த கணக்குப்படி கையால தூக்கறது ஒரு ஆளுக்கு 16 கிலோ கிட்டதான். ஏன்னா பெட்டி நெளியாது, பேஷண்ட் நெளிவாங்க, புடிக்க கைப்புடி கிடையாது, ஒட்டி நின்னும் தூக்க முடியாது. இப்ப எண்பது கிலோ ஆள், பத்து கிலோ சேர், ரெண்டு பேர். ஆளுக்கு நாப்பத்தஞ்சு. சேர் தாங்கும் 159ன்னு ஸ்டிக்கர பாத்து ரெண்டே பேரா தூக்கினா உங்க டிஸ்க் தாங்காது. இந்த சேர் எடைய குறைக்கல, எடைய புடிக்க நல்ல கைப்புடி குடுக்குது, உடம்ப ஒட்டி புடிக்க விடுது, அவ்ளோதான். முட்டிய மடக்கி, முதுக நிமித்தி, திரும்பணும்னா இடுப்ப முறுக்காம கால எடுத்து வெச்சு திரும்பறது எல்லாம் நாமதான் செய்யணும்.

குறைகள். பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக், ஸ்கூல் பேக்ல வர்ற மாதிரி. ரெண்டே மாசத்துல தொடை பெல்ட் பக்கிள் ஒரு பல்லு போச்சு, நல்லவேளை காலி சேர்ல. கடைக்கு போன் பண்ணா "ஸ்பேர் வராது சார், செட்டாதான் வரும், ஆர்டர் போடணும்"னாங்க, ஆர்டர் போட்டாங்களா போடலையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பழைய கார் பார்ட்ஸ் விக்கிற ஒருத்தர்கிட்ட மூணு சீட் பெல்ட் வாங்கி, செருப்பு தைக்கிற பெரியவர்கிட்ட குடுத்து டபுள் தையல் போட்டு மாட்டினேன். கம்பெனி பெல்ட்ட விட நூறு மடங்கு ஸ்ட்ராங், அமுக்கினா டக்குனு கழலுது. வாங்குறவங்க முதல் நாளே இத பண்ணிடுங்க.

சக்கரம் ரொம்ப சின்னது. டைல்ஸ் தரைல வழுக்கிக்கிட்டு போகும், ஆஸ்பத்திரி காரிடார்ல ராஜா. நம்ம தெருல ஒரு ஜல்லிக்கல் மாட்டினா போதும் சேர் அப்படியே நின்னுடும், பேஷண்ட் முன்னாடி குனிவாங்க. வைகாசி தேர் சமயத்துல வண்டிய உள்ள விடல, நியாயம்தான், அவ்ளோ கூட்டம், முனைல நிறுத்திட்டு இந்த சேரத்தான் தள்ளிக்கிட்டு போனோம், திரும்ப வர்றப்ப முன் சக்கரத்த தூக்கி பின் சக்கரத்துலயே சாச்சு இழுத்துட்டு வந்தோம், அப்பதான் வந்துச்சு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணல்ல பேச்சே இல்ல, மணல்ல இது சேர் கூட இல்ல, சுமை.

சீட் துணி மேல ரெக்சின் மாதிரி இருந்தாலும் நடுவுல தையல் ஓட்டை, ஈரம் உள்ள இறங்குது. வாந்தி, மூத்திரம், ரத்தம்னு எல்லாம் வரும் நம்ம தொழில்ல. பிளீச்சிங் கரைசல் போட்டு துடைச்சாலும் உள்ள பஞ்சு வாசம் போகல, கடைசில மேல ஒரு தடிமன் பிளாஸ்டிக் ஷீட்ட சுத்தி வெச்சிருக்கேன், கேஸ் முடிஞ்சதும் மாத்திடுவேன். தம்பிக்கு ஒருதரம் மடக்கும்போது நடு கீல்ல விரல் மாட்டி நகம் கறுத்துப்போச்சு, அந்த இடத்துல கம்பெனிக்காரன் ஒரு ரப்பர் வெச்சிருக்கலாம், பத்து ரூபா ஆகுமா.

இப்ப முக்கியமானது, இந்த சேர்ல யார உக்கார வெக்கவே கூடாதுங்கறது. வாங்கின ஜோர்ல எல்லாத்துக்கும் இதையே எடுக்கற ஆளுங்கள பாத்திருக்கேன். கீழ விழுந்து கழுத்து முதுகுல அடின்னு சந்தேகம் இருந்தா கூடாது. மயக்கமா இருந்தா கூடாது, தலை தொங்கி மூச்சுக்குழாய் அடையும். பிரஷர் இறங்கி சில்லிட்டு கிடந்தா கூடாது, அவங்கள படுக்க வெக்கணும். இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்தா கூடவே கூடாது.

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் ஒரு பாட்டி, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. ஒரு கால் குட்டையா தெரியுது, பாதம் வெளிப்பக்கமா திரும்பி கிடக்கு, அத பாத்தாலே தொடை எலும்பு மேல்மூட்டுகிட்ட போச்சுன்னு பாதி தெரிஞ்சுடும். நாங்க போறதுக்குள்ள பேரன்மார் ரெண்டு பேர் உக்கார வெக்க பாத்திருக்காங்க, பாட்டி கத்தின கத்துல விட்டுட்டாங்க. இதுக்கு சேர் இல்ல, ஸ்கூப். ஸ்கூப் தெரியாதவங்களுக்கு, அலுமினிய ஸ்ட்ரெச்சர், நீளவாக்குல ரெண்டா பிரியும், ஒரு பாதிய இந்தப் பக்கம் ஒரு பாதிய அந்தப் பக்கம் உடம்புக்கு அடில சொருகி ரெண்டு முனையையும் பூட்டினா ஆள் உருளாம அசையாம அதுமேல வந்துடுவாங்க. முதல்ல பக்கத்துல வெச்சு ஆள் உயரத்துக்கு நீளத்த இழுத்து செட் பண்ணிட்டுதான் பிரிக்கணும். கட்டை மாதிரி உருட்டி பலகைய கீழ தள்ற முறைய இடுப்பெலும்பு உடைஞ்சவங்களுக்கு பண்ணா உடைஞ்ச எலும்பு நகந்து உள்ள ரத்தம் கொட்டும். ஸ்கூப்ல ஒரு சின்ன சாய்ப்பு போதும்.

அதுலயும் நம்மூர் பிரச்சினை ஒண்ணு இருக்கு, புடவை. பூட்டுற இடத்துல முந்தானை சுருண்டு மாட்டும், பாட்டிக்கு பின்னல் வேற மாட்டிச்சு, "ஐயோ முடி முடி"ன்னாங்க, கால் உடைஞ்சதுக்கு கூட அவ்ளோ கோவப்படல. இப்ப பூட்டுறதுக்கு முன்னாடி தம்பி விரல விட்டு ஒருதரம் தடவிப் பாப்பான், தோல் முடி துணி எதுவும் இல்லன்னா "சரிண்ணா"ம்பான், அப்புறம்தான் பூட்டு. அதுவும் அலுமினியம்ங்கறதால சித்திரை வெயில்ல மூடின வண்டிக்குள்ள கிடந்தா தோசைக்கல்லுதான், ஒரு போர்வைய மடிச்சு மேல போட்டே வெச்சிருக்கேன். பீச் மணல் பூட்டுக்குள்ள போனா இறுகிக்கும், தண்ணி ஊத்தி கழுவி எண்ணெய் விடணும்.

அதனால யாராவது என்கிட்ட புதுசா வண்டி போடுறேண்ணே முதல்ல சேரா ஸ்கூப்பான்னு கேட்டா ஸ்கூப்னுதான் சொல்வேன். கடலூர் பாண்டி ரோட்டுல பைக் விழற கேஸ்தான் நமக்கு நிறைய, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடின்னு மாசத்துல பல தடவ. அங்க எல்லாம் சேர் வண்டிலயே தூங்கும். விழுந்து கிடக்கறவர நாலு பேர் சேந்து கைகால புடிச்சு ஷேர் ஆட்டோல மடக்கி போடுறதோ, பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல உக்கார வெச்சு கொண்டு வர்றதோ மனசார உதவின்னுதான் செய்றாங்க, திட்ட மனசு வரல, ஆனா கழுத்தெலும்பு உடைஞ்சிருந்து அது நகந்துட்டா கை கால் போயிடும். வண்டி மோதுற இடத்துலயோ தீ பக்கத்துலயோ கிடந்தா ஒழிய நகத்தாம தலைய ரெண்டு பக்கமும் கையால புடிச்சுக்கிட்டு 108க்கு அடிங்க, அது கடலூர்லயும் வரும் பாண்டிலயும் வரும். உதவி பண்ணவங்கள கேஸ்னு அலைய விடக்கூடாதுன்னு 2019லயே மோட்டார் வாகன சட்டத்துல 134ஏன்னு பிரிவு போட்டுட்டாங்க, பயப்படாதீங்க.

மாடி வீட்டு கேஸுக்கு வந்தா சேர்தான், அதுல மாத்து பேச்சில்ல. டயாலிசிஸ்க்கு வாரம் ரெண்டு தடவ கூட்டிட்டு போற ஒரு ஐயா இருக்கார், மஞ்சக்குப்பம், முதல் மாடி, அவர் வீட்டுக்கே இத வாங்கலாமான்னு பையன் கேட்டார். வேணாம்னேன். வாரம் ரெண்டு தடவ சேர புடிக்க பழகின ரெண்டு ஆள் யாரு வருவாங்க, பக்கத்து வீட்டு பசங்க ஒருநாள் வருவாங்க ஒருநாள் வர மாட்டாங்க. அந்தக் காசுல கீழ் போர்ஷன்ல ஒரு ரூம மாத்திக்குங்கன்னு சொன்னேன், என் சவாரிக்கு நானே வேட்டு வெச்சுக்கிட்டேன்னு தம்பி ஒரு வாரம் கிண்டல் பண்ணான். வீட்டுல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு சேரவிட ஸ்லைடு ஷீட் போதும். வழுவழுன்னு நைலான் துணி, அடில போட்டு இழுத்தா உரசாம நகரும், தூக்கவே வேணாம், முதுகுத்தோலும் கிழியாது. கட்டில்லேந்து ட்ராலிக்கு மாத்தறப்ப ரெண்டையும் ஒரே உயரத்துல வெச்சு பிரேக்க போட்டுட்டு இழுங்க.

கடைய பத்தி ரெண்டு வார்த்தை. விக்கும்போது டீ வாங்கி குடுத்தாங்க, ஸ்பேர் கேட்டா போன எடுக்கல. ஆனா ஒண்ணு, வாங்குறதுக்கு முன்னாடி நான் தம்பிய உக்கார வெச்சு அவங்க கடை படிலயே ஏத்தி இறக்கி பாக்கணும்னு சொன்னேன், முணுமுணுத்துக்கிட்டே விட்டாங்க. அப்படி விடாத கடைல வாங்காதீங்க. வில பதினெட்டாயிரம் சொல்லி பதினாறுக்கு குடுத்தாங்க, பில்லோட. ஆன்லைன்ல இதே மாதிரி ஒண்ணு குறைச்சலா இருந்துச்சு, ஆனா லாக் ஆடுதா ஆடலையான்னு போட்டோல தெரியாது.

மார்க்கு அஞ்சுக்கு மூணரை. சீட் பெல்ட் மாத்தினதுக்கு அப்புறம் நாலு போடலாம்.

இறக்கறத பத்தியே எழுதிட்டேன், ஏத்தறது வேற கதை. அந்த கோயில் தெரு அம்மாவ எட்டு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ் பண்ணி மறுபடி ரெண்டாவது மாடிக்கு ஏத்தினோம், தலைப்பக்கம் மேல, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேரா நாலு பேர், ஒவ்வொரு திருப்பத்துலயும் இறக்கி வெச்சு மூச்சு வாங்கிட்டுதான் போனோம், மேல போனதும் அந்த அம்மா "என்ன தூக்கி உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது"ன்னு சிரிச்சாங்க, காப்பி போட்டு குடுத்துட்டுதான் விட்டாங்க. பின்பக்கம் பெல்ட் மாதிரி ட்ராக் வெச்சு படி விளிம்புல உக்காந்து வழுக்கிக்கிட்டே இறங்குற மாடல் ஒண்ணு இருக்கு, இறக்கும்போது தூக்கவே வேணாம், அதுலயே பேட்டரி வெச்சது ஏத்தவும் செய்யும், வில கேட்டு கடைலயே உக்காந்துட்டேன். செகண்ட்ஸ்ல எங்கயாவது நல்ல கண்டிஷன்ல பாத்தா கமெண்ட்ல சொல்லுங்க, கடலூரோ பாண்டியோ நானே வண்டி எடுத்துட்டு வந்து பாத்துக்கறேன், ஆனா படி இருக்க வீடா இருக்கணும், தம்பிய உக்கார வெச்சு இறக்கிப் பாக்காம வாங்க மாட்டேன்.